ஆறாம் கூடத்து ஆண் வண்டு

நாள் 4011 / காலை 07.20

காற்றழுத்தம் சரி. ஈரப்பதம் சரி. மரங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டும் நிற்கின்றன. நிற்காமல் எங்கே போகும்? கண்ணாடிக்கு வெளியே நிலவு.

பதிவு செய்பவர்: டாக்டர் தங்கபுஷ்பம், பூச்சியியல், ஆறாம் மரக்கூடம். வயது ஐம்பத்து மூன்று. எடை இங்கே பதின்மூன்று கிலோ. அதை ஆறால் பெருக்கிப் பார்க்கும் கெட்ட புத்தி உள்ளவர்கள் இந்தப் பதிவை இத்தோடு மூடிவைக்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று நிலவுக் குடியிருப்பு முழுவதும் தீ எச்சரிக்கை மணி அலறி, இருநூறு பேர் அரைகுறை உடையில் பாதுகாப்பு அறைக்கு ஓடியதற்கு மின்கசிவு காரணமில்லை. நான்தான் காரணம். பூச்சி மாதிரிகளை உலர்த்தும் சூட்டுத்தட்டில் தயிர்சாதத்துக்குத் தாளித்தேன். பூமியில் கடுகு வெடித்தால் அடுப்பைச் சுற்றி விழும். இங்கே அது கூரை வரை போய், கொஞ்சம் யோசித்து, நிதானமாக இறங்குகிறது. பாதி விளக்கு விளிம்பிலும் அலமாரி மேலும் தங்கிவிட்டது. காற்றாடி ஓடும்போதெல்லாம் தவணை முறையில் வந்துகொண்டிருக்கிறது. இன்று காலை மைக்ரோஸ்கோப் மேடையில் ஒன்று. என் தலையில் இரண்டு.

நிர்வாகி வெள்ளைத்துரை கேட்டபோது வயர் பழசு என்று சொல்லிவிட்டேன். அவர் பாதுகாப்பு அறைக்கு லுங்கியோடு வந்தாராம். நேரில் பார்க்க முடியவில்லையே என்று மட்டும் வருத்தம்.

வேறு செய்தி: பதினேழாம் எண் ஈட்டி மரத்தின் பட்டையிலிருந்து வெள்ளையாகக் குச்சி குச்சியாக மரத்தூள் நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ உள்ளிருந்து ஊதுபத்தியை வெளியே தள்ளுவது போல. துளை போட்டுக் குடியிருக்கும் வண்டுதான் இப்படிக் குப்பை தள்ளும். தூளை நாக்கில் வைத்துப் பார்த்தேன், தொழில் புத்தி. பாகற்காய்க் கசப்பு.

நாள் 4013 / மாலை 05.10

வண்டு கிடைத்தது. பெண். சீரகத்தில் பாதி நீளம், கருப்பு, கழுத்தே இல்லாத உடம்பு. மரத்தைத் தின்பதில்லை. சுரங்கம் தோண்டி, உடம்பிலுள்ள ஒரு பையில் கொண்டுவந்த பூஞ்சையைச் சுவரில் பயிர்செய்து அதைத்தான் தின்கிறது. விவசாயக் குடும்பம்.

வெள்ளைத்துரையிடம் தெரிவித்தேன். விதிப்படி தெரிவிக்க வேண்டும். இனிமேல் விதிப்படி எதையும் செய்யப்போவதில்லை.

வெள்ளைத்துரையின் குரல், அப்படியே:

"டாக்டரம்மா, இது கட்டைத் துளைப்பான் தானங்க? பட்டியல்ல இருக்கிற பூச்சியாச்சே. கண்ட இடத்துல அழிக்கணும்னு சட்டமே இருக்கும்மா. கூடத்த மூடிட்டு மேல் கதவத் திறந்து விட்டா ஒரு மணி நேரத்துல சோலி முடிஞ்சிரும்."

மேல் கதவைத் திறந்துவிட்டால் காற்று போகும். காற்று போனால் வண்டு சாகும். மரம் முந்நூற்றுப் பன்னிரண்டும் சாகும். கேட்டதற்கு, "மரத்த மறுபடி நட்டுக்கலாம்மா" என்றார். பதினோரு வருடம். ஒவ்வொன்றுக்கும் நான் கையால் தண்ணீர் விட்டவள். இந்த மனிதருக்கு வேங்கைக்கும் தேக்குக்கும் வித்தியாசம் தெரியாது. அலுவலகத்தில் பிளாஸ்டிக் குரோட்டன்ஸ் வைத்து அதற்கும் தண்ணீர் ஊற்றுகிறார் என்று அவர் உதவியாளரே சொல்லிச் சிரித்தார்.

கூடத்தைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். உள்ளே நான் ஒருத்தி. நான் உள்ளே இருக்கும்வரை மேல் கதவு திறக்காது. கதவின் பூட்டு அப்படி அமைக்கப்பட்டது. அந்தப் பூட்டைச் செய்தவன் நன்றாக இருக்கட்டும்.

நாள் 4016 / காலை 09.45

இந்த வண்டு ஏன் முக்கியம் என்று, இதைப் படிக்கிறவருக்கு, எவராக இருந்தாலும், பாமர மொழியில் சொல்கிறேன்.

நிலவில் எதுவும் மக்குவதில்லை. பதினோரு வருடமாக விழுந்த இலை அப்படியே கிடக்கிறது, இஸ்திரி போட்ட மாதிரி. செத்த கிளை கல்லாகக் கிடக்கிறது. மண் என்று நாம் சொல்வது நிலவுத் தூசியும் உரக் கரைசலும். மரத்தை மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏற்றி வைத்திருப்பது போலத்தான் வைத்திருக்கிறோம். இது காடு இல்லை. மரச்சாமான் கடை.

இந்த வண்டு துளைத்த கிளைகளின் கீழே நேற்று முழங்கால் போட்டுப் பார்த்தேன். கருப்பாக, ஈரமாக, விரலில் ஒட்டுகிற ஒன்று. மோந்து பார்த்தேன். ஐப்பசி மழை பெய்து விட்ட மறுநாள் வாசம். மண். நிலவின் முதல் மண், ஒரு கைப்பிடி. அதில் யாரும் நடாத ஒரு வேங்கைக் கன்று, இரண்டு இலையோடு.

கொஞ்ச நேரம் அழுதேன். பதிவில் இதற்கு இடமில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

பழைய கட்டைத் துளைப்பானின் பூஞ்சை மரத்தைக் கொல்லும். இது செத்த மரத்தை மட்டும் தொட்டு மண்ணாக்குகிறது. ஆகவே இது வேறு வண்டு. வேறு வண்டு என்றால் அழிக்கும் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத இனத்தை விசாரணை இல்லாமல் அழிப்பது குற்றம். ஆனால் புது இனம் என்று நான் சொன்னால் போதாது. விவரித்து, பெயர் வைத்து, பூமியிலுள்ள பதிவகத்துக்கு மாதிரி வண்டையே அனுப்ப வேண்டும். படம் செல்லாது. ஒரு புண்ணியவான் லென்ஸில் ஒட்டியிருந்த தூசியைப் படம் எடுத்துப் புது இனமாகப் பதிந்த நாளிலிருந்து எவர் படத்தையும் நம்புவதில்லை.

சிக்கல்: பெண் வண்டுகள் பழைய இனத்தைப் போலவே அச்சாக இருக்கின்றன. வித்தியாசம் இருந்தால் ஆணிடம்தான் இருக்கும். ஆண் ஒரு குடும்பத்துக்கு ஒன்று. சிறகு கிடையாது, கண் கிடையாது, பிறந்த சுரங்கத்தை விட்டு வெளியே வராது. எனக்குத் தெரிந்த சில ஆண்களும் அப்படித்தான், ஆனால் அவர்களைத் தேட மரம் பிளக்க வேண்டியதில்லை.

நாள் 4019 / பகல் 11.30

கிடைத்தான்!

ஒடிந்து கிடந்த ஒரு கிளையைப் பேனாக்கத்தியால் பிளந்தேன். இரண்டு நாள் வேலை, கட்டைவிரலில் கொப்புளம். ரம்பம் கேட்டேன், வெள்ளைத்துரை தரவில்லை. "கூர்மையான பொருள் தனிமைப் பகுதிக்குள்ள அனுப்பக் கூடாதும்மா" என்றார். பேனாக்கத்தி என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. தயிர்சாதத்துக்கு மிளகாய் நறுக்க வைத்திருந்தது.

விவரிப்பு. ஆண். நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். நிறம் கரும்பழுப்பு, ஏறத்தாழ உருண்டை. பயந்தால் ஆறு காலையும் மடக்கிக்கொண்டு செத்தது போல் கிடக்கும். தொட்ட விரலை நாக்கில் வைத்தேன், மரத்தூளின் அதே பாகற்காய்க் கசப்பு. கண் இல்லை. சிறகு இல்லை. நெற்றியின் குறுக்கே பொன்னிற மயிர் ஒரு வரிசை, சீப்புப் பற்களைப் போல, நேராக வெட்டிவிட்ட மாதிரி. பழைய இனத்து ஆணுக்கு நெற்றி மொட்டை. வித்தியாசம் இதுதான். இதுவே போதும்.

மைக்ரோஸ்கோப்பில் அந்த நெற்றியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். என் நாத்தனார் லீலாவதி தன் மகள் கல்யாணத்துக்கு அழகு நிலையம் போய், பொன்னிறச் சாயம் பூசி, நெற்றியில் நேராக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் அடையாளம் தெரியாமல் அவளிடமே "பொண்ணோட அம்மா எங்க?" என்று கேட்டார்கள். ஆகவே இனப் பெயர்: லீலாவதி. அவளுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவாள். தெரியட்டும்.

பெயர் இருக்கிறது. ஆள் இருக்கிறான். வெள்ளைத்துரைக்கு நல்ல காய்ச்சல் வரப்போகிறது.

நாள் 4021 / காலை 10.15

பதிவகத்தில் என் விவரிப்பைச் சரிபார்க்க யாரை நியமித்திருக்கிறார்கள் தெரியுமா? அரியநாயகம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் என் வகுப்பு. தவளை அறுக்கும்போது மயங்கி விழுந்தவன். இப்போது பேராசிரியர். பதினான்கு வண்டுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறான். அதில் ஆறு அவன் மாமனார் பெயர், மாமனார் அப்போது துணைவேந்தர்.

பூமிக்கும் நிலவுக்கும் குரல் போய்வர மூன்று நொடி ஆகும். சண்டை போடுவதற்கு இதைவிடக் கொடுமை இல்லை. நான் இரண்டாவது திட்டில் இருக்கும்போது அவன் முதல் திட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

"புஷ்பம், விவரிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆண் வண்டுக்குப் பொம்பள பேரா?"

"ஏலே, வண்டுக்கு அது தெரியுமால?"

"சரி, விடு. நெத்தி மயிரு எத்தன? எண்ணலியே நீ. உணர்கொம்போட அளவும் இல்ல. திருப்பி அனுப்பியிருக்கேன், பாரு."

ஒரு கூடம், ஒரு மண், ஒரு கன்று. இவனுக்கு மயிர் எண்ணிக்கை வேண்டுமாம்.

எண்ணினேன். இருபத்திரண்டு. அனுப்பினேன்.

நாள் 4023 / காலை 08.40

மறுபடி திரும்பி வந்தது. இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று கேட்கிறான். 

வெள்ளைத்துரை தினமும் ஒலிபெருக்கியில் வந்து, "டாக்டரம்மா, உடம்பு நல்லா இருக்கா? வெளிய வந்து ஒரு காப்பி சாப்பிடலாமே" என்கிறார். பதினோரு வருடத்தில் ஒரு தடவை காப்பி தந்ததில்லை. என் உணவுப் பெட்டியில் இன்று ஊறுகாயை நிறுத்திவிட்டார்கள். போர் என்றால் போர். கடுகு இன்னும் இருக்கிறது.

நாள் 4024 / பகல் 12.50

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுக்கவும். பொறுக்காவிட்டாலும் கவலை இல்லை.

மூன்றாவது முறையும் திருப்பிவிட்டான். இந்த முறை காரணம்: மாதிரி வைக்கும் மேசையில் உணவு இருக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறதாம். நான் அனுப்பிய படத்தின் ஓரத்தில் தயிர்சாதக் கிண்ணம் தெரிகிறதாம்.

இருப்பது ஒரு மேசை! அதில்தான் நான் எழுதுகிறேன், சாப்பிடுகிறேன், தலை சாய்க்கிறேன். அந்த மேசையை ஓங்கி ஓர் அடி அடித்தேன். இங்கே மேசையை அடித்தால் கோபம் தணிவதில்லை, எல்லாம் பறக்கிறது. கிண்ணம், கண்ணாடித் தட்டு, என் மூக்குக்கண்ணாடி, தண்ணீர் டம்ளர் எல்லாம் ஒன்றாக எழுந்து என் முகத்துக்கு நேரே ஊர்வலம் போயின. தட்டில் ஆண் வண்டு உலர்ந்துகொண்டிருந்தான்.

உயிரே போய்விட்டது. மூக்குக்கண்ணாடி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. தரையெல்லாம் தவழ்ந்தேன். நல்லவேளை, தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெள்ளைத் தாள் மேலேயே கிடந்தான். கருப்பாக, உருண்டையாக, காலை மடக்கிக்கொண்டு. ஈரத் தூரிகை நுனியில் எடுத்து அந்தக் கணமே குப்பியில் போட்டேன். ஆல்கஹால் ஊற்றினேன். அரக்கு வைத்தேன். இனி எந்தப் பயலும் இவனைத் தொட முடியாது.

12.58

அரியநாயகம் அழைத்தான்.

"ஏளா, கோவப்படாத. மேசை விஷயத்த நான் சமாளிச்சிக்கிடுதேன். பதிவு நம்பரும் போட்டாச்சு, மாதிரி வந்து சேந்து நாங்க பாத்ததும் பேரு உறுதி. ஒண்ணே ஒண்ணு. அரக்கு வைக்கதுக்கு முன்னால ஒரு தடவ லென்ஸுல பாத்துரு."

"எனக்குக் கண்ணு இல்லன்னு சொல்லுதியா? தவளையப் பாத்து மயங்கி விழுந்தவன் எனக்குச் சொல்லிக்குடுக்கியா?"

மூன்று நொடி.

"இல்லளா. வழக்கம்னு சொன்னேன்."

"அரக்கு வச்சாச்சு. வைல போன."

வைத்தேன். அவன் வைப்பதற்கு முன் நானே வைத்தேன், அதில் ஒரு திருப்தி.

01.20

சாப்பிட்டேன். கிண்ணத்திலிருந்து சிந்தியது போக மீதி இருந்ததை. தயிர்சாதம்கூடக் கசக்கிறது, லேசாகப் பாகற்காய். கோபம் வந்தால் எனக்கு நாக்கு சரியாக இருப்பதில்லை. ஊறுகாயும் இல்லை.

நாள் 4025 / காலை 07.05

வெள்ளைத்துரை:

"வாழ்த்துகள் டாக்டரம்மா! பதிவு நம்பர் வந்துருச்சாமே. இன்னைக்குப் பத்து மணி கப்பல்ல குப்பிய அனுப்பிரலாம். நீங்களே கையில கொண்டாந்து கப்பல்காரர்கிட்டக் கொடுத்துக் கையெழுத்துப் போடணுமாம். அஞ்சு நிமிசம் தாம்மா. இந்தா வந்தமா, போட்டமா, போனமான்னு."

குரலில் ஒரே சர்க்கரை. ஆனால் விதியைப் படித்துப் பார்த்தேன். உண்மைதான், கண்டுபிடித்தவர் நேரில் ஒப்படைக்க வேண்டும். தலை சீவிக்கொண்டேன். சரித்திர நாள், ஒரு பவுடராவது போடலாம். வேங்கைக் கன்றிடம் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். மூன்றாவது இலை விட்டிருக்கிறது.

நாள் 4025 / பகல் 11.40

நடைபாதைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்டேன். குப்பியைக் கப்பல்காரர் வாங்கிக்கொண்டார். திரும்பினேன். எனக்குப் பின்னால் கூடத்தின் கதவு மூடியிருந்தது. பச்சை விளக்கு சிவப்பாக இருந்தது.

தட்டினேன். காலால் உதைத்தேன். பதின்மூன்று கிலோ உதைத்தால் கதவுக்கு என்ன ஆகும்? நான்தான் பின்னால் பறந்தேன்.

ஒலிபெருக்கி:

"மன்னிச்சிருங்கம்மா. பேரு இன்னும் உறுதி ஆகல. மாதிரிய அவங்க பாத்தாத்தான் சட்டப்படி புது இனம். அதுவரைக்கும் இது கட்டைத் துளைப்பான். மத்த அஞ்சு கூடத்துக்கும் நான் பதில் சொல்லணும்மா. நாங்க சட்டப்படிதான் செய்யறோம்."

"நாலு நாள்! குப்பி போய்ச் சேர நாலு நாள் பொறுக்க முடியாதா உங்களுக்கு?"

"நாலு நாள்ல நீங்க மறுபடி உள்ள போய் உக்காந்துக்குவீங்கம்மா."

ஆமாம். உட்கார்ந்திருப்பேன்.

11.52

மேல் கதவு திறந்தது. இந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் பார்த்தேன். சத்தம் கேட்காது. இஸ்திரி போட்ட இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. பதினோரு வருட இலைகள். மேலே போயின. மரங்கள் ஒரு மாதிரி வெளுத்தன. கிளைகள் வெடித்தன, அதுவும் சத்தமில்லாமல். மரத்தூள் குச்சிகள் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போயின.

கன்று கதவுப் பக்கம் இல்லை. அது தெரியவில்லை. நல்லது.

நாள் 4027 / நேரம் பார்க்கவில்லை

இது இனிமேல் நாட்குறிப்பு இல்லை. புகார்.

விசாரணைக் குழு எதுவாக இருந்தாலும், எப்போது கூடினாலும், இதை முதலில் படிக்கட்டும். ஓர் உயிரினம் இருந்தது. அதற்குப் பெயர் இருந்தது. பதிவு எண் இருந்தது. நிலவில் மண் செய்யத் தெரிந்த ஒரே ஜீவன் அது. வெள்ளைத்துரை என்கிற நிர்வாகி, தெரிந்தே, நாலு நாள் பொறுக்க மனமில்லாமல், அதைக் கடைசி முட்டை வரை கொன்றார். உலகத்தில் மீதி இருப்பது ஒரே ஓர் ஆண், ஒரு குப்பியில், பூமிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். சாட்சி அவன்தான். அவன் நெற்றியிலுள்ள இருபத்திரண்டு மயிரும் சாட்சி. குப்பி திறக்கும் நாளில் இவர் பெயர் எல்லாச் செய்தியிலும் வரும். பிளாஸ்டிக் குரோட்டன்ஸைச் சிறைக்கு எடுத்துக்கொண்டு போகட்டும், தண்ணீர் ஊற்ற.

உணவறையில் எனக்கு ஊறுகாய் வைத்தார்கள். தட்டோடு திருப்பி அனுப்பினேன். இங்கே தட்டு விழ நேரமாகிறது. எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

நேற்று லீலாவதிக்குச் செய்தி அனுப்பினேன். உன் பெயர் ஒரு வண்டுக்கு வைத்தேன், அது செத்துவிட்டது என்று. அவள் பதில்: "அண்ணி, நீங்க சாப்பிட்டீங்களா?" இதற்கு மேல் அவளைக் கிண்டல் செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

நாள் 4029 / காலை 09.00

கப்பல் இறங்கிவிட்டது. இன்று திறக்கிறார்கள். வெள்ளைத்துரையை நடைபாதையில் பார்த்தேன். முகம் சரியில்லை. வக்கீல் வைத்திருக்கிறாராம், உதவியாளர் சொன்னது. நான் நின்று, நேராக அவர் கண்ணைப் பார்த்து, "இன்னிக்குச் சாயங்காலம்" என்று மட்டும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு போனார். இத்தனை வருடத்தில் நான் ருசித்துச் சொன்ன வார்த்தை அது.

நாள் 4029 / மாலை 04.10

அரியநாயகம். வந்தது வந்தபடி:

"புஷ்பம். குப்பியத் தொறந்தாச்சு. நான் பாத்தேன். இன்னும் ரெண்டு பேரக் கூப்பிட்டுக் காட்டுனேன், என் கண்ணுலதான் கோளாறோன்னு. நீ உக்காந்திருக்கியாளா?"

உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

மூன்று நொடி.

"கடுகுளா. வெடிச்ச கடுகு."